பாராசாரியும் என் தந்தையாரும்

தாம்பரம் ரயில் நிலைய வாசலில் என் தந்தையார் ஜட்கா வண்டி ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. கடற்கரையிலிருந்து வரும் மின்ரயிலில் இறங்குவோரை ஏற்றிச் செல்வார். இரவில் குதிரைக்குக் கொள்ளும் புல்லும் வைத்தபின், கொட்டிலிலேயே அமர்ந்து எனக்குத் தேசிங்குராஜன் கதை சொல்வார். டில்லி பாதுசாவின் இலாயத்தில் எவருக்கும் அடங்காத பாராசாரிக் குதிரை, செஞ்சி இளைஞன் தேசிங்கிற்கு மட்டும் அடங்கிய கதை அது. தம் குதிரையும் அதைக் கேட்கிறது என்பது அவருடைய நம்பிக்கை.

ஆட்டோக்கள் பெருகின, வருவாய் சுருங்கியது. என் கல்லூரிக் கட்டணத்திற்காகக் குதிரையை விற்றார். வாங்கியவர் அழைத்துச் சென்றபோது அது இருமுறை திரும்பிப் பார்த்தது. தந்தையார் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விற்றிருக்கமாட்டார் என்பது இன்று விளங்குகிறது. அதன்பின் அந்தக் கதையை அவர் சொல்லவே இல்லை.

அவர் மறைந்தபின், திண்டிவனம் வழியாகச் செஞ்சிக்குச் சென்றேன். 1714 அக்டோபரில், ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் பெரும்படையைச் சிறுபடையுடன் எதிர்த்து வீழ்ந்தான் தேசிங்கு. அப்போது அவனுக்கு வயது 22 என்பர். அருகிலுள்ள நீலாம்பூண்டியில் குதிரைக்கும் சமாதி உண்டென்று ஊரார் காட்டுகின்றனர். அங்கே நெடுநேரம் நின்றேன்.

எங்கள் குதிரை எங்கே மடிந்ததோ, அறியேன். அதற்குச் சமாதி இல்லை. என் வீட்டுச் சுவரில் தொங்கும் பட்டச் சான்றிதழ்தான் அதற்கு எஞ்சிய நினைவுக்கல்.