வெறும் சாக்கு எத்தனை கிலோ?

சாமை அறுவடை முடிஞ்சு, போன வாரம் நாலு மூட்டையை வியாபாரிகிட்ட போட்டுட்டு வந்தேன். அந்தச் சீட்டை மூணாவது படிக்கிற மக எழுத்துக்கூட்டிப் படிச்சா.

"கழிவு எட்டு கிலோன்னா என்னப்பா?"

"சாக்கோட எடைம்மா. மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிச்சுக்குவாங்க."

"வெறும் சாக்கு ரெண்டு கிலோ இருக்குமா?"

எனக்குப் பதில் தெரியலை. பக்கத்துக் கடைத் தராசுல பிளாஸ்டிக் சாக்கை மடிச்சு வெச்சா. எதிர்த்தட்டுல 200 கிராம் படிக்கல். சாக்குத் தட்டு மேலேயே நின்னுச்சு.

எங்கம்மா "லாபம், ரெண்டு, மூணு"ன்னு படியில அளந்தே பழகினவங்க. "லாபம்னு வாயால சொன்னோம், அது யாருக்குப் போச்சுன்னு பாக்கலையே" என்றார்.

மலையில இருக்கிற அரசுத் தொடக்கப் பள்ளியிலதான் மக படிக்கிறா. கொரோனாவுல விட்டுப்போன படிப்பைச் சரிக்கட்ட 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துல, பிள்ளைங்களை அரும்பு, மொட்டு, மலர்னு அவங்கவங்க நிலைக்கேத்தபடி பிரிச்சுச் சொல்லிக்கொடுக்கிறாங்க. பாட்டு, ஆட்டம், அட்டைன்னு போகும். "இதெல்லாம் ஒரு படிப்பா?"ன்னு நானே சலிச்சுக்கிட்டதுண்டு.

சீட்டைப் படிக்க வெச்சது தமிழ்ப் பாடம். எட்டை நாலால வகுக்க வெச்சது கணக்கு. நம்பாம நிறுத்துப் பாக்க வெச்சது அறிவியல். நான் பன்னிரண்டாவது முடிச்சவன். இத்தனை வருஷம் இதைக் கேக்கணும்னே தோணலை.

மிச்சம் ரெண்டு மூட்டை இருக்கு. போறப்ப வெறும் சாக்கு ஒண்ணும் கொண்டுபோறேன். மகளும் வர்றா.