சதுப்பில் ஒரு சித்திரக்கூடம்

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் வழியில், காந்திகிராமத்திற்குக் கிழக்கே எழுந்து நிற்கும் சிறுமலையை நீங்கள் எத்தனையோ முறை கண்டிருப்பீர்கள். கண்டதுண்டு, நின்று பார்த்ததுண்டா? காந்திகிராமத்தில் கல்வி பயின்ற காலத்தில் நாள்தோறும் அம்மலையைக் கண்டவன் நான். மழையில் நிரம்பிக் கோடையில் வெடித்துக் கிடக்கும் குளங்களையும் கடந்து நடந்திருக்கிறேன். ஆனால், நின்று பார்க்கக் கற்றுக்கொண்டது கடல் கடந்து, ஒரு சதுப்பு நிலத்தில்தான்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் வாழும் என் தங்கை மகனுடன் மயாமியிலிருந்து மேற்கு நோக்கிக் காரில் சென்றுகொண்டிருந்தேன். 1928ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தாமியாமி நெடுஞ்சாலை அது. இருமருங்கிலும் நீரும் புல்லும், நீரிலேயே நிற்கும் சைப்ரஸ் மரங்களும். கரையோரம் முதலைகள் வெயில் காய்ந்தன. ஊர் என்று ஒன்றும் தென்படாத அவ்விடத்தில் புகைப்படக் கூடம் ஒன்றின் பெயர்ப்பலகை!

"மாமா, இறங்கிப் பார்ப்போமா?" என்றான். இறங்கினோம்.

உள்ளே, சுவரை நிறைத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். நீர், மேகம், மரம். படைத்தவர் கிளைட் புட்சர். 1942இல் பிறந்த இவர் கட்டடக்கலை பயின்றவர். வண்ண இயற்கைக் காட்சிகளை விற்றுக் குடும்பம் நடத்தியவர். 1986இல் அவருடைய பதினேழு வயது மகன், மது அருந்தி வாகனம் ஓட்டிய ஒருவனால் உயிரிழந்தான். எவனோ ஒருவனின் போதை, ஒரு வீட்டின் விளக்கை அணைத்துவிட்டது. அதன்பின் அத்தந்தை வண்ணத்தைக் கைவிட்டார். பெரிய பெட்டிக் கேமராவைச் சுமந்து, மார்பளவு நீரில் இறங்கிச் சதுப்புக்குள் நடந்தார். அங்கேதான் அவருடைய மனம் ஆறுதல் கண்டது. 1990களின் தொடக்கத்தில் மனைவியுடன் சேர்ந்து அச்சதுப்பின் நடுவிலேயே இக்கூடத்தை அமைத்தார்.

சதுப்பு என்றால் வீண் நிலம் என்றே அந்நாட்டவரும் ஒருகாலத்தில் எண்ணினர். கால்வாய் வெட்டி நீரை வடித்தனர். எவர்கிளேட்ஸ் எனும் அந்த ஈரநிலத்தில் ஏறத்தாழப் பாதி அழிந்தது. 1968இல் இந்த பிக் சைப்ரஸ் பகுதியில் மாபெரும் விமான நிலையம் கட்டத் தொடங்கினர். எதிர்ப்பு வலுத்ததால் 1970இல் பணி நின்றது. 1974இல் இது தேசியப் பாதுகாப்பு நிலமாயிற்று. பின்னர் விரிவாக்கப்பட்டு, இன்று 7 லட்சம் ஏக்கருக்கும் மேல் பரந்துள்ளது. வீண் என்று தள்ளப்பட்ட எவர்கிளேட்ஸ் நீர்தான், மயாமி மக்களின் குடிநீருக்கு ஆதாரமான நிலத்தடி ஊற்றையும் ஊட்டுகிறது.

வழிகாட்டி ஒருவருடன் நாங்களும் முழங்காலளவு நீரில் இறங்கி நடந்தோம். சாலையிலிருந்து சேறாகத் தோன்றிய நீர், அருகில் கண்ணாடியாய்த் தெளிந்திருந்தது. வெட்கினேன்.

ஊர் திரும்பியதும் காந்திகிராமம் சென்றேன். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் அதை நிறுவியது 1947இல். எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்கா திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அங்கே சதுப்பைக் காக்க முனைந்தனர். இங்கே நாம் நம் நீரை என்ன செய்தோம்? திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட கதை நாமறிந்ததே. அத்தொழிலால் வாழ்ந்த இல்லங்களும் நம்மிடையே உண்டு. ஆகவே பிறரை மட்டும் குறைகூறித் தப்பிவிட முடியாது.

வாசகர்களே, மழை ஓய்ந்த ஒரு காலையில் உங்கள் பிள்ளைகளை அருகிலுள்ள குளக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். கேமரா வேண்டுவதில்லை. சிறிது நேரம் பேசாமல் நில்லுங்கள். எந்தப் பறவை வருகிறது, தண்ணீர் எவ்வழியே வந்து சேர்கிறது என்று அவர்களே கேட்பார்கள். நின்று பார்த்த நிலத்தை வீண் என்று சொல்ல அப்பிள்ளைகளுக்கு மனம் வராது.