தோற்ற அணிக்கு வாசித்தவர்களுக்கு

அன்புள்ள கொலம்பியா பேண்டு நண்பர்களே,

இந்த மடலை அனுப்ப இப்போது உங்களுக்கென்று ஒரு முகவரி இல்லை. 2020 செப்டம்பரில் நீங்களே கூடி, ஒருமனதாக வாக்களித்து, 116 வயதான குழுவைக் கலைத்துவிட்டீர்கள். அதனால் ஊரறியப் பொதுவில் எழுதுகிறேன். 1904 தொடங்கிக் கடைசி நாள்வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பெயரால் ஊதியவர்கள், தட்டியவர்கள், நையாண்டி எழுதியவர்கள், வாசிக்கத் தெரியாமலே வந்து சேர்ந்துகொண்டவர்கள் எல்லாருக்கும் இது பொது. நான் உங்களில் ஒருத்தி இல்லை. எதிரே உட்கார்ந்து கேட்டவள். கேட்டவர்கள் உங்களுக்குச் செலுத்த வேண்டிய நன்றி நிறைய பாக்கி இருக்கிறது. என் பங்கை இங்கே செலுத்திவிடுகிறேன்.

உங்களை அறியாத தமிழ் வாசகர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. மார்ச்சிங் பேண்டு என்றதும் நம்மவர்க்கு நினைவுக்கு வருவது சுதந்திர தின அணிவகுப்பில் போகும் காவல்துறை பேண்டு. வெள்ளைக் கையுறை, மடிப்புக் கலையாத சீருடை, ஒன்றாக எழுந்து ஒன்றாக விழும் கால்கள். அமெரிக்கப் பல்கலைக்கழக பேண்டுகளில் பெரும்பாலானவை அந்த ராணுவ மரபில் வந்தவைதான். ஐந்து கெஜத்துக்கு எட்டு எட்டு என்று அடியளந்து, யார் எந்தக் கோட்டில் எந்தத் தாளத்தில் நிற்க வேண்டும் என்று வரைபடம் போட்டுப் பல வாரம் பழகுவார்கள். அதில் ஓர் அழகு உண்டு. அதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

1960களில் நீங்கள் அந்த அழகை வேண்டாம் என்றீர்கள். ஓர் உருவத்தில் நின்று ஒரு பாட்டு வாசிப்பது, முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் சிதறி ஓடுவது, மூச்சிரைக்கப் போய் அடுத்த உருவத்தில் நிற்பது. ஓடும் நேரத்தில் ஒலிபெருக்கியில் ஒருவர் நாட்டு நடப்பையும் எதிரணியையும் உங்கள் சொந்தப் பல்கலைக்கழக நிர்வாகத்தையும் கிண்டல் செய்து படிப்பார். இந்தச் சிதறல் பாணி எங்களிடம்தான் பிறந்தது என்று நீங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வீர்கள். கொலம்பியாவும் சேர்ந்த ஐவி லீகின் எட்டுப் பல்கலைக்கழகங்களில் கார்னெல் மட்டும் பழைய அணிவகுப்பை விடவில்லை. மற்ற ஏழும் சிதறி ஓடும் பக்கம் வந்துவிட்டன. உலகின் மிகக் கெட்டிக்கார பேண்டு என்று உங்களுக்கு நீங்களே பட்டம் சூட்டிக்கொண்டீர்கள். வசனம் எழுதுபவருக்கு ஆஸ்தான கவிஞர் என்று பதவி வைத்தீர்கள். கோல் பிடித்து முன்னால் நிற்க ஒரு பேராசிரியர் கிடையாது. எந்தப் பாட்டு, எந்தக் கிண்டல், அடுத்த ஆண்டு யார் தலைமை என்பதெல்லாம் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள் கூடி முடிவு செய்தவை.

அந்தப் பிள்ளைகள் யாருக்காக வாசித்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

கொலம்பியாவின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கும் ஒரு பொற்காலம் இருந்தது. 1934 புத்தாண்டு நாளில் ரோஸ் பௌல் ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டை 7–0 என வென்ற அணி அது. அதெல்லாம் தாத்தா காலம். 1983இல் தோற்கத் தொடங்கிய அணி, 44 ஆட்டம் தொடர்ந்து தோற்றது. அதுவரை நாட்டின் முதல்நிலைப் பல்கலைக்கழக அணி எதுவும் அப்படித் தோற்றதில்லை. 1984இல் கல்லூரியில் சேர்ந்து 1988 கோடையில் பட்டம் வாங்கிப் போன ஒரு மாணவர், தம் நான்கு ஆண்டில் தம் அணி ஓர் ஆட்டம் ஜெயித்துப் பார்க்கவே இல்லை. அந்த வகுப்பில் பேண்டுக்காரர்களும் இருந்தார்கள். மைதானமோ மன்ஹாட்டன் தீவின் வடகோடியில் இருக்கிறது. வளாகத்திலிருந்து சுரங்க ரயில் ஏறி நூறு தெரு தாண்டிப் போக வேண்டும். சனிக்கிழமை காலையில் டிரம்மையும் டியூபாவையும் தூக்கிக்கொண்டு, தோற்கப்போகிறோம் என்று தெரிந்தே அங்கே போனார்கள். மறு சனிக்கிழமையும் போனார்கள்.

ஜெயிக்கிற அணிக்கு மேளம் கொட்ட யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நீங்கள் செய்தது வேறு. ஆட்டக்காரர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியேறும் நேரத்திலும் எழுந்து நின்று பல்கலைக்கழகப் பாட்டை வாசித்தீர்கள். அந்தப் பையன்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். நாடு முழுக்கப் பத்திரிகைகள் அவர்களைச் சொல்லிச் சிரித்த காலம் அது. 1988 அக்டோபர் 8ஆம் தேதி பிரின்ஸ்டனை 16–13 என்று வென்றபோது கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து கோல் கம்பங்களையே பிடுங்கிப் போட்டது. அந்த நாள் எல்லாருக்கும் நினைவிருக்கும். அதற்கு முந்தைய நாற்பத்து நான்கு ஆட்டங்களுக்காகத்தான் நான் உங்களுக்கு நன்றி சொல்கிறேன்.

பட்லர் நூலகத்துக்கு வருகிறேன். என் நன்றியில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது.

ஆர்கானிக் கெமிஸ்ட்ரி என்ற பாடம் மருத்துவக் கனவோடு வருகிற பிள்ளைகளை வடிகட்டும் பாடம். ஆர்கோ என்று செல்லப் பெயர் வைத்தும் அதன் மீதுள்ள பயம் குறையவில்லை. அந்தத் தேர்வுக்கு முந்தைய நள்ளிரவில் நூலகத்தின் 209ஆம் எண் வாசிப்பறைக்குள் நீங்கள் நுழைவீர்கள். 1975இலிருந்து இருந்துவந்த வழக்கம். வெளியே கட்டடத்தின் நெற்றியில் ஹோமர், சோபோக்ளிஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் என்று பெயர்கள் செதுக்கியிருக்கும். உள்ளே பன்னிரண்டு மணி அடித்ததும் டிரம்பெட் முழங்கும். மற்றவர்களைப் படிக்கவிடாமல் கெடுத்தால் வகுப்பின் சராசரி இறங்கும், நம் மதிப்பெண் தேறும் என்று நீங்கள் ஒரு காரணம் சொல்வீர்கள். அதைக் கேட்டுச் சிரிக்கவே மேசைமேலும் தரையிலும் ஜன்னல் திட்டிலும் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள்.

நான் படித்தது வேதியியல் இல்லை. ஆனாலும் தேர்வு வாரத்தில் வேறு போக்கிடம் இல்லாமல் அந்த அறையில்தான் கிடந்தேன். படிக்க வந்த ஊரில் என் பேச்சு யாருக்கும் முதல் முறையில் புரியாது. கூட இருப்பவர்கள் எல்லாரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம். அந்த நள்ளிரவில் சுற்றிப் பார்த்தபோதுதான் மற்றவர்களின் முகமும் என் முகம் மாதிரியே தூக்கமில்லாமல் வீங்கியிருந்தது கண்ணில் பட்டது. உங்கள் கிண்டலில் பாதி எனக்கு விளங்கவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியும் உள்ளூர் அரசியலும் தெரிந்தால்தான் புரியும் சங்கதிகள். பக்கத்திலிருந்த ஒரு பெண் தானாகவே காதோரம் விளக்கிச் சொன்னாள். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. முடிந்ததும் நீங்கள் ஊதிக்கொண்டே விடுதிகள் பக்கம் போனீர்கள், பின்னாலேயே ஒரு கூட்டம் போயிற்று, நானும் போனேன். அன்றைக்குத்தான் அந்த வளாகத்தில் எனக்கும் ஓர் இடம் உண்டு என்று தோன்றியது. அறிமுக விழாவும் ஆலோசனை மையமும் செய்யாத காரியம் அது.

எல்லாருக்கும் இது பிடித்திருக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. அமைதி தேடி நூலகத்துக்கு வந்தவர் எரிச்சல்பட்டால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் பருவத்துக்கு ஒரு முறை, ஒரு நள்ளிரவின் சிறு பொழுது, பிள்ளைகள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட ஒரு சடங்கு அது. எந்த நிர்வாகமும் பணம் கொடுத்து வாங்க முடியாத பொருள். 2016 டிசம்பரில் அந்த அறையில் இனி வாசிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. நீங்கள் கடுங்குளிரில் நூலகத்துக்கு வெளியே நின்று வாசித்தீர்கள். 2019இல் பதிவு, அங்கீகாரம் என்று தகராறு முற்றி, பருவத் தொடக்கத்தில் கால்பந்து மைதானத்திலும் உங்களுக்கு இடமில்லை என்றாயிற்று. பழைய மாணவர்கள் கொதித்துப்போய்க் குரல் கொடுத்தார்கள். பிறகு ஓர் உடன்பாடு, மறுபடி மைதானம். மாணவர்கள் கையில் இருக்கும் எதையும் ஒரு பெரிய நிறுவனத்தால் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை. எப்போது என்ன பேசுவார்கள் என்று முன்கூட்டித் தெரியாத ஒலிபெருக்கி அதற்குப் பயம் தருகிறது. இந்தப் பயத்துக்கு இடம் கொடுத்தது தவறு என்பதே என் எண்ணம்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் இந்த மடல் எழுதுவது எளிதாக இருந்திருக்கும்.

2020இல், முன்பு உங்களோடு இருந்தவர்களும் உங்களால் புண்பட்டவர்களும் பேச ஆரம்பித்தார்கள். பெயர் சொல்லாமல் எழுதினார்கள். பாலியல் அத்துமீறல், இனவெறி, திருட்டு என்று குற்றச்சாட்டுகள் வந்தன. உங்கள் கிண்டல் பெண்கள் மீதும் சிறுபான்மையினர் மீதும் எல்லை கடந்து விழுகிறது என்ற குறை அதற்கு வெகு முன்பிருந்தே இருந்தது. நான் சிரித்த அதே அறையில், அதே வரிக்கு, உள்ளுக்குள் சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தவர்களும் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு. வாயைத் திறப்பது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்காது. ஊரே கொண்டாடும் ஒன்றைப் பற்றிக் குறை சொல்ல வருபவருக்குத் துணை குறைவு.

கடைசியாக உறுப்பினர்களாக இருந்தவர்களே, உங்களிடம் தனியாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. நீங்கள் மழுப்பவில்லை. ஒரு சிலரின் குற்றம் என்று தட்டிக் கழிக்கவில்லை. அலுவலகம் விசாரித்து முடிவெடுக்கட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. குழுவின் கட்டமைப்பிலேயே இனவெறியும் பெண் வெறுப்பும் ஊறியிருக்கிறது, இது இனி எந்த வடிவிலும் தொடராது என்று நீங்களே அறிவித்தீர்கள். கலைக்காமல் திருத்தியிருக்கலாம், உள்ளே இருந்தபடியே புதிதாகக் கட்டியிருக்கலாம் என்று நினைக்கும் பழைய மாணவர்கள் பலர். மனசில் எனக்கும் அந்த ஆசை இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பைச் சொல்லும் உரிமை உள்ளே இருந்து எல்லாவற்றையும் பார்த்த உங்களுக்குத்தான் உண்டு. நூறு ஆண்டுக்கு மேல் மாணவர்கள் நடத்திய குழுவின் கடைசி முடிவையும் மாணவர்களே எடுத்தார்கள். நூலகக் கதவையும் மைதானக் கதவையும் மற்றவர்கள் அடைத்தபோது வராத மரியாதை ஒன்று, கடைசிக் கதவை நீங்களே அடைத்தபோது எனக்கு உங்கள் மேல் வந்தது. அதையும் நன்றிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த வளாகத்தில் பிள்ளைகள் யாராவது தாங்களாகவே கூடி ஊதவும் தட்டவும் தொடங்கினால், நிர்வாகம் அவர்களைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவைக்க வேண்டும். அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: மேலே இருப்பவர்களைக் கிண்டல் செய்யுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பவரை விட்டுவிடுங்கள்.

இந்த மடலை இப்போது எழுத வைத்தது ஒரு செய்தி. 2024 நவம்பர் 23ஆம் தேதி கொலம்பியா அணி கார்னெலை 17–9 என்று வென்றது. ஹார்வர்டோடும் டார்ட்மவுத்தோடும் சேர்ந்து ஐவி லீக் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. அதற்குமுன் கடைசியாக அந்தப் பட்டம் வந்தது 1961இல். இடையில் அறுபத்து மூன்று ஆண்டு. அதில் ஐம்பத்து எட்டு ஆண்டு, ஒவ்வொரு இலையுதிர் காலமும், நீங்கள் அங்கே இருந்தீர்கள். பட்டம் வந்த அன்று உங்கள் குழு இல்லை. செய்தியைப் படித்ததும் சந்தோஷத்தோடு கோபமும் வந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

1984இல் சேர்ந்து 1988இல் போன வகுப்பின் பேண்டுக்காரர்களுக்கு இன்று அறுபதை ஒட்டிய வயது இருக்கும். இந்த மடல் அவர்கள் கைக்கு எப்படியாவது போய்ச் சேர வேண்டும் என்று விரும்புகிறேன். ஐயா, அம்மா, அந்தப் பட்டத்தில் உங்களுக்கும் உரிமை இருக்கிறது. ஒரு வெற்றியும் காணாமல் நான்கு ஆண்டு வாசித்தீர்கள். பழைய மாணவர் கூட்டம் எதற்காவது போனால், கோப்பையைக் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள். கையில் வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.


பட்லர் 209இல் படித்த ஒரு பழைய மாணவி