இரத்தினபுரியில் இரண்டு இல்லங்கள்

மணிகளைப் பெட்டியிலிட்டுப் பூட்டி, காவல் வைத்து விற்பதே உலக வழக்கம். அவற்றைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தெருவோரத்தில் நின்று விற்கும் ஊரொன்று நம் நாட்டில் உண்டு. கொழும்பிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தொலைவில், களுகங்கைக் கரையில் அமைந்த இரத்தினபுரியே அது. 1912 ஆம் ஆண்டில் இவ்வூரை எட்டிய களனிவெளிப் புகைவண்டி 1976 இல் நின்றுபோயிற்று. இன்று அது அவிசாவளையோடு திரும்பிவிடுகின்றது. ஆதலால் நாம் பஸ் வண்டியிலேயே போய்ச் சேர்ந்தோம்.

மணிக்கூட்டுக் கோபுரத்தை அடுத்த தெருக்களிற் காலை வேளையிற் கூட்டம் நெரிகின்றது. பகலொளியிலன்றி நீலக்கல்லின் உண்மை நிறம் தெரியாது என்பதால், விற்பவரும் வாங்குபவரும் வெயிலைத் தேடி நிற்கின்றனர். ஒருவர் பொட்டலத்தை விரிக்கிறார். மற்றவர் கல்லை விரல்களுக்கிடையே பிடித்து வானத்தை நோக்கித் திருப்புகிறார். பேரம் சிங்களத்திலும் நடக்கும், தமிழிலும் நடக்கும். பக்கத்துச் சந்துகளிலே வேறொரு தொழில்: தேங்காய்ச் சிரட்டைக் கரி நெருப்பிலே சிவப்புக்கல்லை வைத்து, ஊதுகுழலால் ஊதி ஊதி, அதிற் கலந்துள்ள நீலச்சாயலைப் போக்குகின்றனர். இக்கலையைக் கற்பிக்கும் பள்ளிக்கூடம் அந்த அடுப்பங்கரையேயன்றி வேறில்லை.

நூல்நிலையம் தேடிவரும் மாணவருக்கு நாம் முதலிற் காட்ட விரும்புவது இவ்வூர் நூதனசாலையை. அது இருக்குமிடம் எஹலபொல வளவு. கண்டியின் கடைசி அரசனோடு 1814 ஆம் ஆண்டிற் பகைத்துக்கொண்ட பிரதானியாகிய எஹலபொல, சப்பிரகமுவாவின் திசாவையாக இருந்தவர். அவர் பெயர் தாங்கிய அம்மாளிகை 1988 முதல் தேசிய நூதனசாலையாக விளங்குகின்றது. தடித்த சுவர்களும், நிழல் தரும் விறாந்தையும், ஓட்டுக் கூரையுமாக, மழைநாட்டுக்கு ஏற்ற கட்டடம்.

இதனை நூல்நிலையம் என்றதற்குக் காரணமுண்டு. இரத்தினக்கற்கள் கிடைப்பது ஆற்றுப் படுகைகளிலே, மண்ணுக்கடியிற் படிந்துள்ள ஒரு சரளைப் படையில். மரச்சட்டமிட்டு, மண் சரியாதபடி இடையிடையே பன்னங் குழைகளைச் செருகி, குழியை ஆழத் தோண்டி, ஊறும் நீரை இறைத்து, அச்சரளையை அள்ளிக் கூடையிலே சுழற்றிக் கழுவுவர். கல் தேடிய இக்குழிகளிலேயே, இன்று இலங்கைக் காடுகளிற் காணப்படாத நீர்யானை, காண்டாமிருகம் முதலிய விலங்குகளின் எலும்புகளும் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்தவர் பி. இ. பி. தெரணியகலை. இலங்கையிலே சிங்கம் வாழ்ந்தது என்பதை, அருகிலுள்ள குருவிட்டையிற் கிடைத்த பற்களைக் கொண்டே 1939 ஆம் ஆண்டில் அவர் எடுத்துரைத்தார். ஏட்டுக்கு முந்திய ஏடு அந்தச் சரளைப் படை.

அப்படைக்குச் சிங்களத்தில் 'இல்லம' என்று பெயர். நம் காதிலோ அது 'இல்லம்' என்றே விழுகின்றது. மணிகள் குடியிருக்கும் இல்லம் எவ்வளவு பொருத்தம் என்று மகிழ்ந்தோம். ஆனால், நகரைச் சூழ்ந்த குன்றுகளை நிமிர்ந்து பார்த்தபோது அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை.

அக்குன்றுகளிலே தேயிலையும் இறப்பரும் செழித்திருக்கின்றன. அவற்றை வளர்த்தவர்கள் தமிழகத்திலிருந்து வந்த நம் மக்கள். குழியிற் கல் கிடைத்தால், அதன் விலையைத் தொழிலாளரும் உரிமம் பெற்றவரும் காணிக்காரரும் பங்கிட்டுக்கொள்வது இவ்வூர் வழக்கம். காணியுள்ளவன் மண்வெட்டியைத் தொடாமலே பங்கு பெறுவான். தலைமுறை தலைமுறையாக அம்மலையிற் கொழுந்து பறித்தவளுக்கும் பால் வெட்டியவனுக்கும் அத்தகைய பங்கில்லை, காணி அவர்களுடையதன்று. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. எஞ்சியோருக்கும் அது திரும்பக் கிட்ட 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. குடியுரிமை வந்தது, குடியிருக்கும் லயத்து அறைக்கோ பெரும்பாலோரிடம் இன்னும் உறுதிப்பத்திரம் இல்லை. கல்லுக்கு இல்லம் உண்டு. கல்லின்மேல் வாழ்பவருக்கு இல்லை.

இதற்கு மருந்து என்ன? காணி வழங்குவது அரசின் கடமை. அதனை இடைவிடாது கேட்பது நம் எல்லோருடைய கடமை. அதுவரை, பிறர் பறிக்க முடியாத ஒரே காணி கல்விதான். லயத்துப் பிள்ளை ஒன்று தமிழ்ப் பாடசாலையில் மேல்வகுப்பை எட்டுவது, குழியிலே நீலக்கல் கிடைப்பதைவிடப் பெரிய செய்தி என்போம்.

சுற்றுலா வரும் மாணவர்கள் மாணிக்கத் தெருவையும் நூதனசாலையையும் பார்ப்பதோடு பஸ் ஏறிவிடாமல், அருகிலுள்ள தோட்டமொன்றுக்கும் போய், தம் வயதுப் பிள்ளைகளோடு சிறிது நேரம் பேசிவருவார்களாக. போகும்போது இரண்டு நல்ல நூல்களையும் கையோடு கொண்டுபோனால், அவை அங்கே வீண்போகமாட்டா.