கீழக்கடையம் வழியாக அமெரிக்கா

முப்பது வருஷ காலம் சரித்திரமும் பூகோளமும் போதித்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் எனக்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் படத்தைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டே வரைந்துவிடும் வித்தை இன்னமும் கைவசம் உண்டெனினும், அந்தத் தேசத்து மண்ணில் ஒரு நாளாவது கால் வைக்கும் பாக்கியம் வாய்த்ததில்லை; வாய்க்கவில்லையே என்று ஏங்கியதும் இல்லை. கார்த்திகை மாதக் கடைசியில், தொண்ணூறு வயதை எட்டிவிட்ட அத்தையைப் பார்த்து வரலாமென்று திருநெல்வேலியில் செங்கோட்டை வண்டி ஏறிக் கீழக்கடையத்தில் இறங்கியபோதுகூட, அமெரிக்காவைப் பற்றி எழுத நேருமென்று நான் நினைக்கவில்லை.

1903-ஆம் வருஷத்தில் போடப்பட்ட இந்த இருப்புப் பாதையில் சேரன்மாதேவியும் கல்லிடைக்குறிச்சியும் அம்பையும் கடந்து ஆழ்வார்குறிச்சியை நெருங்குகையில், பிசானப் பயிரின் இளம் பச்சைக்கு மேலே பொதிகைத் தொடர் கருநீலமாய் எழுந்து நிற்கும் காட்சியைக் கண்டவர்கள், அந்த மலைக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று ஒரு தரமாவது யோசியாமல் இருக்க முடியாது. வகுப்பில் மழை மறைவுப் பிரதேசம் என்ற பாடத்துக்கு எனக்கு உதவியதும் இதே மலைதான். பசிபிக் சமுத்திரத்தின் ஈரக் காற்றைச் சியரா நெவாடா மலை தடுத்து மேற்குச் சரிவிலேயே மழையாய் வடித்துவிட, கிழக்கே நெவாடா மாகாணம் ஏன் பாலையாய்க் கிடக்கிறது என்பதை எத்தனை படம் போட்டுக் காட்டினாலும் தலையாட்டாத பிள்ளைகள், "ஆடி மாதம் கொல்லத்தில் மழை கொட்டுகிறது, சங்கரன்கோவிலில் புழுதி பறக்கிறது, இடையிலுள்ள குற்றாலத்தில் மட்டும் சாரல் எப்படி வந்தது?" என்று கேட்டால், ஆரியங்காவுக் கணவாயின் மகிமையை அவர்களே எனக்கு எடுத்துச் சொல்வார்கள். அதன் பிறகு நெவாடாவைக் கடப்பது ஒரு நிமிஷத்து வேலை.

அத்தை வீட்டில், அடுக்களைக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே இப்போது பூப்போட்ட திரையொன்று தொங்குகிறது. 1960-களின் நடுவில் நான் இங்கே தங்கிப் படித்த நாட்களில் அந்த இடத்தில் தொங்கியது ஒரு கோதுமைச் சாக்குத் திரை. இரண்டு கைகள் ஒன்றையொன்று பற்றிக் குலுக்கும் சின்னமும், இது அமெரிக்க மக்களின் அன்பளிப்பு என்று தெரிவிக்கும் ஆங்கில எழுத்துக்களும் அதில் பதிந்திருந்தன. நான் எழுத்துக் கூட்டி வாசித்த முதல் ஆங்கில வாசகம் அதுவாகத்தான் இருக்கவேண்டும். 1954-இல் அமெரிக்கப் பாராளுமன்றம் இயற்றிய 480-ஆம் எண் சட்டத்தின் கீழ், அந்நாட்டுக் களஞ்சியங்களில் தேங்கிக் கிடந்த தானியம், டாலர் இல்லாத நமக்கு ரூபாய்க்கே விற்கப்பட்டது. காமராசர் 1956-இல் தொடங்கிய பள்ளி மதிய உணவுக்கு 1961 முதல் 'கேர்' என்ற அமெரிக்கத் தரும ஸ்தாபனமும் கைகொடுத்தது. மிசிசிப்பிச் சமவெளியின் உபரி விளைச்சல் தாமிரபரணிக் கரையில் உப்புமாவாய்ப் பரிணமித்த விருத்தாந்தம் இதுதான். பால் பவுடரைக் கரைத்துக் கொடுப்பார்கள். நாங்கள் கரைக்காமலே உள்ளங்கையில் வாங்கி நக்குவோம். மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் அந்தத் தித்திப்பை நினைத்தால் இன்றைக்கும் நாக்கு அதைத் தேடுகிறது. அன்பளிப்பின் பின்னால் அரசியல் உண்டென்பதைப் பிற்காலத்தில் புத்தகங்கள் சொல்லத்தான் செய்தன. ஆயினும் பசித்த பிள்ளையின் ஞாபகத்தோடு புத்தகம் வாதாட முடிவதில்லை.

மறுநாள் விடியற்காலையில் நித்யகல்யாணி அம்மன் சந்நிதிக்குப் போனேன். மலையடிவாரத்துத் தோப்புகளின் நடுவே அமைதியாய் இருக்கும் அந்தக் கோயிலுக்குப் பாரதியார் அடிக்கடி வந்திருக்கிறார். அவருடைய மனைவி செல்லம்மாளுக்குக் கடையம் பிறந்த ஊர். புதுவையை விட்டுப் புறப்பட்ட பாரதியார், 1918 நவம்பரில் கடலூர் அருகே கைது செய்யப்பட்டு, டிசம்பரில் விடுதலையாகி நேரே வந்து சேர்ந்ததும் இந்த ஊருக்குத்தான். 1920-இன் இறுதியில் சுதேசமித்திரன் பத்திரிகைக்குத் திரும்பும் வரையில், அக்கிரகாரத்து ஆசாரங்களோடு ஒத்துப்போக மாட்டாமல், வயல் வரப்பிலும் மலைப்பாறையிலும் பொழுதைக் கழித்த அந்த மனிதர், அமெரிக்கக் கவி வால்ட் விட்மனைப் போற்றித் தமிழில் எழுதியவர் என்பதும், யாப்பின் தளையை அறுத்துக்கொண்டு பாடிய விட்மனின் வழி அவருடைய வசன கவிதைக்குத் துணை நின்றதென்பதும் தமிழ் படித்தவர்கள் அறிந்தவையே. விட்மன் பிறந்தது 1819-இல். அவருக்கு நூறாண்டு நிறைந்த 1919-இல் அவருடைய தமிழ் அன்பர் வாசம் செய்தது இந்தக் கடையத்தில்.

கோயில் வாசலில் உட்கார்ந்து இதை எண்ணிக்கொண்டிருந்தபோது, அதற்கும் முந்திய ஒரு முடிச்சு மனத்தில் அவிழ்ந்தது. 1861-இல் அமெரிக்காவின் தென் மாகாணங்கள் அடிமை முறையைக் கைவிட மனமின்றித் தனி அரசு கோரிப் பிரிய, ஆபிரகாம் லிங்கன் தம் கடற்படையை ஏவி அவற்றின் துறைமுகங்களை அடைத்தார். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் தங்களுக்கு வேண்டிய பஞ்சில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை அந்தத் துறைமுகங்களிலிருந்தே பெற்று வந்தமையால், அங்கே தறிகள் நின்றன. தொழிலாளர் பட்டினி கிடந்தனர். வியாபாரிகளின் கண் இந்தியாவின் பக்கம் திரும்பியது. லிவர்ப்பூல் சந்தையில் 'தின்னவேலி' என்ற நம் ஜில்லாவின் பெயரே ஒரு பஞ்சு ரகத்தின் பெயர். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் கரிசல் காட்டில் விளைந்த அந்தப் பஞ்சு, அன்று இருப்புப் பாதை இல்லாத காரணத்தால் மாட்டு வண்டிகளில் ஏறித் தூத்துக்குடி சேர்ந்து கப்பலேறியது; விலையோ முன் எவரும் கேட்டறியாத உயரத்துக்குப் போயிற்று. நாற்பது லட்சம் அடிமைகளின் விடுதலையில் முடிந்த ஒரு யுத்தம் கரிசல் சம்சாரிக்குக் கைநிறையப் பணம் கொடுத்தது. 1865-இல் சமாதானம் வந்ததும் விலை சரிந்து அந்தப் பணமும் பறந்தது. சமாதானத்தால் நஷ்டமடைந்தவர்கள் உலகில் யாரென்று கேட்டால் எங்கள் ஜில்லாவையும் கணக்கில் சேர்க்கவேண்டும்!

அதே யுத்தத்தில் காயமுற்றவர்களின் படுக்கையருகே, வாஷிங்டன் ஆஸ்பத்திரிகளில், கடிதம் எழுதிக் கொடுத்தும் பழம் கொடுத்தும் நாள் கணக்காய் உட்கார்ந்திருந்தவர் விட்மன். அந்தப் பருத்திச் சீமையான எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்தவர் பாரதியார். அவருடைய தகப்பனார் சின்னச்சாமி ஐயர் அங்கே பருத்தி ஆலை வைத்து நொடித்துப்போனவர். தகப்பனார் பஞ்சில் இழந்தார். பிள்ளை கவிதையில் அமெரிக்காவிடம் பெற்றார். கணக்கு நேராயிற்றென்று நான் சொல்லத் துணியமாட்டேன். வறுமை பாரதியாரைக் கடைசிவரையில் விடவில்லையே. கடையத்தில் இருந்தபோது தம் கையெழுத்துப் பிரதிகளையெல்லாம் நாற்பது நூல்களாக அச்சிடத் திட்டமிட்டு, அவை மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும்விடச் சாதாரணமாய் விலைபோகுமென்று நம்பினார். பெருவாரியான மண்ணெண்ணெய் நம் தேசத்துக்கு முதன்முதலில் வந்ததும், 1859-இல் பென்சில்வேனியாவில் தோண்டிய எண்ணெய்க் கிணற்றுக்குப் பிற்பாடு, அமெரிக்காவிலிருந்துதான். அந்த எண்ணெய் வீடுதோறும் விளக்கில் எரிந்தது. நாற்பது நூல்களோ அவர் காலத்தில் வெளிவரவே இல்லை.

அங்கிருந்து பாவூர்சத்திரம் சென்று சந்தைக்குள் நுழைந்தேன். குவிந்து கிடந்த தக்காளியும் மிளகாயும் கொய்யாவும் பப்பாளியும் மக்காச்சோளமும், கொலம்பஸ் 1492-இல் கரை சேருவதற்கு முன்னால் நம்மவர் எவரும் கண்டிராதவை. (அமெரிக்கக் கண்டம் வேறு, அமெரிக்க நாடு வேறு என்று பிள்ளைகளைத் திருத்தியே பழகிய நான் இங்கே கொஞ்சம் கலந்து பேசுவதை வாசகர் மன்னிக்கவேண்டும்.) புகையிலை விஷயத்தில் அந்த மன்னிப்பும் வேண்டியதில்லை. 1607-இல் ஆங்கிலேயர் வர்ஜீனியாவில் குடியேறிச் சாகக் கிடந்தபோது அவர்களைக் காப்பாற்றிய விளைபொருள் புகையிலையே. அதன் பொருட்டே 1619 முதல் ஆப்பிரிக்க மக்களை அங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். அந்தச் செடியின் தூளைத்தான் கடையத்துத் தெருக்களில் பெண்கள் திண்ணையில் தட்டை மடியில் வைத்து, வடதேசத்துக் காட்டிலிருந்து வரும் இலைக்குள் இட்டுச் சுற்றுகிறார்கள். மழை பொய்த்து வயல் வேலை இல்லாத வருஷங்களில் இந்தச் சுற்று வட்டாரத்தில் அடுப்பு எரிந்தது பீடியால்.

அத்தை வீட்டுக்கு எதிர்த் திண்ணையிலும் ஒரு அம்மாள் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். விரல்கள் தம் பாட்டுக்கு இலையை உருட்ட, என்னோடு ஊர்க்கதை பேசினாள். தென்காசிக்கும் கடையத்துக்கும் இடையே மத்தளம்பாறையில் 2011-இல் ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் அலுவலகம் திறந்ததையும், அதன் ஸ்தாபகர் ஸ்ரீதர் வேம்பு கலிபோர்னியாவை விட்டு இந்தச் சீமையிலேயே வந்து குடியேறியதையும் ஏதோ சொந்தக்காரர் வீட்டு விசேஷம்போல் சொன்னாள். அவளுடைய மகளுக்கு வேலை வேறோர் இடத்தில். அமெரிக்க வாடிக்கையாளர்களின் சந்தேகங்களுக்கு வீட்டிலிருந்தபடியே கணினியில் பதில் எழுதுகிறாளாம். பேசிக்கொண்டிருக்கையில் கோயில் மணி ஒலித்தது. உள் அறையில் விளக்கு எரிந்தது. மாலை ஆறரை, மார்கழிக் குளிரில் நியூயார்க்கில் காலை எட்டு.

"அவிய முழிக்கதுக்கும் எம்மவ உறங்கதுக்கும் சரியாப் போவுது, அண்ணாச்சி," என்றாள் அவள். "அந்த ஊருக்காரன் எல்லாரும் நம்மள மாதிரி ஒரே நேரத்துல முழிச்சா என்னவாம்?"

பூமி உருண்டை என்ற பாடத்தை முப்பது வருஷம் நடத்தியவன் நான். பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம் கிடந்தது, எடுத்து உருட்டி விளக்கத் தொடங்கினேன். "அதெல்லாம் அவ சொல்லிட்டா," என்று சிரித்து, இருபத்தைந்து பீடியை எண்ணி நூலால் ஒரு கட்டுக் கட்டினாள்.