ஆள்காட்டி எதற்குக் கத்தியது

பிப்ரவரி 9, ஞாயிறு

வழக்கம்போல மொட்டைமாடியில் ஆறு பேர். டிவியை மேலே தூக்கிவந்து, அந்தவாரம் எடுத்த படங்களை ஒவ்வொருவராகப் போட்டுக் காட்டினோம். மருந்துக்கடைக்காரர் கூந்தன்குளத்தில் எடுத்த பெரிய வெள்ளைக்கொக்கு படம் வந்ததும் “சூப்பர்”, “செம” என்று சத்தம். நானும் “நல்லா வந்திருக்கு” என்றேன்.

நல்லா வரவில்லை. கருத்த தண்ணீர் முன்னால் நின்ற கொக்கு, வெள்ளைக் காகிதத்தை வெட்டி ஒட்டியதுபோல இருந்தது. கழுத்திலும் சிறகிலும் ஓர் இறகுகூடத் தனியாகத் தெரியவில்லை. மனுஷன் பாளையங்கோட்டையிலிருந்து விடியுமுன் பைக்கில் கிளம்பிப் போய் எடுத்த படம். அதற்கு மற்ற ஐந்து பேரும் சேர்ந்து கொடுத்த கூலி ரெண்டு வார்த்தை.

பிப்ரவரி 10

மனசு கேட்காமல் போன் போட்டேன். பின்னணி இருட்டாக இருந்தால் கேமரா மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்கப் பார்க்கும், அதில் வெள்ளை வெந்துபோகும், அடுத்த தடவை மைனஸ் ஒரு ஸ்டாப் வைத்துப் பாருங்கள் என்றேன். கொஞ்சநேரம் பேச்சில்லை.

“இத நேத்தே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி?”

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்றைக்கு நேர் எதிர். வங்கியில் வேலைபார்க்கும் அம்மா பச்சைப் பஞ்சுருட்டான் படம் கொண்டுவந்தார். புதிதாக 600 மி.மீ. லென்ஸ் வாங்கியிருக்கும் நண்பர் பிடித்துக்கொண்டார். வால் வெட்டுப்பட்டிருக்கு, பின்னால் குச்சி இடிக்குது, நாய்ஸ் ஜாஸ்தி, ஷட்டர் பத்தலை... ஏழு குற்றம் எண்ணினேன். எல்லாமே சரி. ஆனால் அந்த அம்மா நாலாவது குற்றத்திலேயே லேப்டாப்பை மூடக் கை வைத்துவிட்டார்.

“நீங்க அங்க என்ன பாத்தீங்கம்மா?” என்று கேட்டேன்.

முகம் மாறிவிட்டது. தேனீயை அலகில் பிடித்துக்கொண்டு கம்பியில் மூணு தடவை அடித்ததாம். கொடுக்கு போகும்வரை தேய்த்து, பிறகுதான் மேலே தூக்கிப்போட்டு விழுங்கியதாம். படத்தை மறுபடி பார்த்தோம். ஆமாம், தலை ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. ரெண்டு அடிக்கு நடுவே எடுத்த படம். அப்படியானால் ஏழில் ஒன்றுதான் பெரிய குற்றம்: வால். அந்தப் பறவைக்கு வால் நடுவில் ஊசிபோல நீளும் ரெண்டு இறகுதான் அழகே. ‘ஜூமைக் கொஞ்சம் பின்னுக்கு இழுங்க, வேண்டாததை வீட்டில் வந்து வெட்டிக்கலாம், வெட்டுப்பட்டதை ஒட்டமுடியாது’ என்று சொல்லி முடித்தேன். மற்ற ஆறையும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

தூக்கம் வரவில்லை. மா. கிருஷ்ணன் ஞாபகம். பல கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே ஒட்டுப்போட்டு, ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பேரும் வைத்து, கறுப்பு வெள்ளையில் யானை எடுத்த மனுஷர். அவர் எங்கள் மாடிக்கு வந்திருந்தால் நாங்கள் கேட்டிருக்கும் முதல் கேள்வி “என்ன லென்ஸ் சார்?” என்றுதான் இருந்திருக்கும்.

மார்ச் 16, ஞாயிறு

கல்லூரிப் பையனின் சிவப்புமூக்கு ஆள்காட்டி. ரெண்டு சிறகும் விரிந்து, அலகு திறந்து, நேரே லென்ஸைப் பார்த்து நிற்கிறது. கண்ணில் ஒளிப்பொட்டு. பறவையின் கண்மட்டத்துக்குப் படுத்து எடுத்திருக்கிறான். 1/2000 ஷட்டர், ஓர் இறகு மங்கலில்லை. கைதட்டல் ஓயவில்லை.

எனக்கு மட்டும் வயிற்றில் ஏதோ செய்தது. மற்ற ஃபிரேம்களையும் போடச் சொன்னேன். நாற்பதுக்கு மேல் இருந்தது. ஒன்றில் பறவை ஒரு சிறகைத் தரையில் தொங்கப்போட்டு, அடிபட்டதுபோல நடிக்கிறது. வேறு ஆதாரம் வேண்டாம்.

இந்த இடத்தில் நான் ஒருமுறை கெட்டிருக்கிறேன். பத்து வருஷத்துக்கு முன் ஒரு பையன் தையல்சிட்டின் கூட்டை, மறைத்திருந்த இலையை விலக்கிப் படமெடுத்து வந்தான். எல்லார் முன்னாலும் கத்தினேன். நான் சொன்னதில் தப்பில்லை. அவன் அதற்கப்புறம் வரவில்லை, அவ்வளவுதான் நடந்தது. வேறு எங்கேயாவது இலையை விலக்கிக்கொண்டுதான் இருப்பானோ என்னவோ.

எல்லாரும் டீக்கு இறங்கிப் போனபிறகு கேட்டேன். “எதுக்கு இப்படிக் கத்துதுன்னு தோணுது?”

“என்னயப் பாத்துப் பயந்துதான்.”

“பயந்தா பறந்து போயிருக்கும்லா? ஏன் போகல?”

பதிலில்லை. எவ்வளவு நேரம் இருந்தாய் என்றேன். முக்கால் மணி நேரம், பத்து மணி வெயிலில், வற்றின குளத்துக்குள். பேசிக்கொண்டே அவனாகவே படத்தைப் பெரிதாக்கினான். காலடியில் பறவைக்கும் நமக்கும் நடுவே, மங்கலாகக் கூழாங்கற்கள். அதில் நாலு கல் மட்டும் ஒரேமாதிரிக் கூம்பி, கூர்முனை உள்பக்கமாகச் சேர்ந்து கிடந்தன.

“முட்டையா அண்ணாச்சி?”

ஆமாம் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆள்காட்டி வெறுந்தரையில்தான் முட்டையிடும். கோடையில் அடைகாப்பதைவிட நிழல் கொடுப்பதுதான் அதற்குப் பெரிய வேலை. தண்ணீரில் வயிற்றை நனைத்துவந்து முட்டைமேல் உட்காரும் என்பதை மட்டும் சொன்னேன். படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 17

விஷயம் கேள்விப்பட்டு வங்கி அம்மா போனில்: “அப்ப கூட்டுப் படமே எடுக்கக்கூடாதா? கூந்தன்குளத்தில் வீட்டுக் கொல்லை வேம்பிலேயே நாரை கூடு கட்டுதே?” நியாயமான கேள்வி. பல போட்டிகளில் கூட்டுப் படத்தைச் சேர்ப்பதேயில்லை. ஆனால் கூந்தன்குளத்து நாரை, கீழே துணி காயப்போடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தது. பறவைகளுக்காகப் பட்டாசு வெடிக்காத ஊர். விதியை மனப்பாடம் செய்வதைவிட, படத்தில் பறவை எதைப் பார்க்கிறது, கழுத்து எப்படி நிற்கிறது என்று பார்ப்பது மேல் என்றேன். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியிலேயே, பரிசு வாங்கின படத்தில் இருந்த எறும்புதின்னி பாடம்செய்து வைத்த உடல்தான் என்று 2018-ல் முடிவுகட்டிப் பரிசைப் பிடுங்கினார்கள். ரோமக் கற்றையும் நிற்கிற நிலையும் காட்டிக்கொடுத்துவிட்டன.

மார்ச் 30, ஞாயிறு

பையன் வரவில்லை. இன்றும் தோற்றுவிட்டோம் என்று நினைத்துப் படுத்தேன். பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு படம். கரையிலிருந்து, தூரத்தில் எடுத்தது. ஃபிரேம் முழுக்க வெடித்த குளத்துமண், ஓரத்தில் கட்டைவிரல் அளவு ஆள்காட்டி, முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரப்போகிறது. வயிற்று இறகு நனைந்து ஒட்டியிருக்கிறது.

ரொம்பநேரம் பார்த்துவிட்டு எழுதினேன்: “தம்பி, அடிவானம் இடப்பக்கம் சரிஞ்சிருக்கு. நிமிர்த்திரு.”

உடனே பதில் வந்தது. “அது அடிவானம் இல்ல அண்ணாச்சி, குளத்தோட எதிர்க்கரை. அது அப்படித்தான் சரிஞ்சு கெடக்கு.”