இஸ்தான்பூலின் ஹமால்

இஸ்தான்பூல் என்றதும் மினாராக்களும் குப்பாக்களுமே என் மனக்கண்ணில் தோன்றி வந்தன. அவற்றின் நிழலில் மூச்சிரைக்க நடந்த மனிதர்களை எனக்குக் காட்டியவர் ஆரா குலேர். ஆர்மீனியக் குடும்பத்தில் 1928-இல் அந்நகரிலேயே பிறந்து, 2018-இல் அங்கேயே மறைந்த புகைப்படக்காரர். ஆயா சோபியாவைப் படம் எடுக்கையிலும், அதனைக் கடந்து செல்லும் மனிதனே தமக்கு முக்கியம் என்றவர். கலைஞர் என்ற பட்டத்தை அவர் விரும்பியதில்லை. பத்திரிகைப் படக்காரர் என்றே தம்மைச் சொல்லிக்கொண்டார்.

1950களிலும் 60களிலும் அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் பனியினூடே ஊர்ந்து வரும் டிராம் உண்டு. கும்காப்பி மீனவர்கள் உண்டு. கலாத்தாப் பாலத்தருகே கப்பற்புகை உண்டு. ஆயினும் என்னை நிறுத்தி வைப்பவர்கள் ஹமால்களே. துருக்கியில் சுமைகூலிக்கு அதுதான் பெயர். சுமப்பவர் எனப் பொருள்படும் அரபுச் சொல்.

படத்திலுள்ள அந்தப் பாலம் இன்று அவ்விடத்தில் இல்லை. 1912-இல் அமைந்த அது 1992-இல் தீயால் பெரிதும் சேதமுற்றது. மறைந்துபோனவற்றை எண்ணி, "அந்தக் காலம் எத்துணை அழகு!" என்று பலரும் பெருமூச்செறிகின்றனர். எனக்கோ அப்பெருமூச்சு எளிதில் வருவதில்லை. அழகு என்று சொல்ல வாயெடுக்கும்போதே, முதுகு வளைந்து நடக்கும் அந்த ஹமால் குறுக்கே வந்துவிடுகிறார்.